ஒரு கிண்ணம் சலத்துக்கு ஒரு வழி வேண்டும்

கிழக்கு மாகாணத்தில் விலங்குகளின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

நான் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தேன். பதில் மூன்று வரியில் வந்தது. நாய்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை இப்போதைய முன்னுரிமைகளில் இல்லை, விசர்நாய்த் தடுப்பூசியும் கால்நடை அபிவிருத்தியுமே முதன்மையானவை, ஆகவே கோரிக்கையைப் பரிசீலிக்க முடியாது. கீழே ஒரு கையெழுத்து. கடிதத்தை முழுதாக வாசித்தவர் எழுதிய பதிலாக அது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டது பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அல்ல. நாயின் சலப்பையில், அதாவது சிறுநீர்ப்பையில், வரும் புற்றுநோயைச் சலத்திலேயே கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதற்காக ஒரு கிண்ணம் சலம் (சிறுநீர்) மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர ஒரு வழியைத்தான் கேட்டேன். அதனால் அதே விஷயத்தை இப்போது எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நாய் வளர்க்கிறவர்களுக்கும் இது தெரியட்டும்.

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மனிதருடைய இரத்தத்தையும் சலத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் என் தொழில். சலத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைப் புத்தகத்தில் படித்ததோடு நிற்காமல் கண்ணாலும் பார்த்துப் பழகியவள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இவ்வளவு பழகியும் என் வீட்டு நாய்க்கு வந்ததை ஏழு மாதம் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூலி ஒரு பீகிள். என் தம்பி கொழும்பிலிருந்து கையளவு குட்டியாகக் கொண்டுவந்து தந்தான். அவளுக்கு ஒன்பது வயதான வருடம், மாரி மழை தொடங்கிய நேரம், இரவில் மூன்று நான்கு தரம் கதவைச் சுரண்டத் தொடங்கினாள். திறந்துவிட்டால் முற்றத்தில் போய்க் குந்துவாள், நாலு சொட்டு விழும், உள்ளே வந்து படுப்பாள். அரை மணியில் திரும்பவும் கதவைச் சுரண்டுவாள். மழைக் குளிர் என்று நினைத்தோம். ஒரு காலமை விறாந்தைச் சீமெந்தில் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது.

அன்றே வைத்தியரிடம் கொண்டுபோனோம். சலத்தில் கிருமி என்றார். அன்டிபயோடிக் ஒரு கிழமைக்குத் தந்தார். மூன்றாம் நாளே நல்ல குணம் தெரிந்தது. மருந்து முடிந்து இரண்டு கிழமையில் திரும்பவும் சிவப்பு. வேறு அன்டிபயோடிக் தந்தார்கள், இம்முறை பத்து நாள். திரும்பவும் குணம், திரும்பவும் சிவப்பு. நான்காம் முறை மருந்து எழுதும்போது, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் செய்யாமல் இப்படி மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். நாய்க்கு அதெல்லாம் இங்கே செய்வதில்லை என்றார்கள். எந்த அன்டிபயோடிக்குக்கும் அடங்காத கிருமிகளைக் கல்ச்சர்த் தட்டில் கண்டவள் நான். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு மாத்திரையை வாங்கி வந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த வைத்தியரைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. சலப்பைப் புற்றுநோய் இப்படித்தான் ஏமாற்றும். இரத்தம் போவது, முக்குவது, அடிக்கடி போவது என்று அறிகுறி எல்லாம் சாதாரணக் கிருமித்தொற்றைப் போலவே இருக்கும். கட்டியோடு கிருமித்தொற்றும் சேர்ந்திருந்தால் அன்டிபயோடிக் தொற்றை அடக்கும், நோய் குறைந்தது போலத் தெரியும். கட்டி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை வைத்தியர் தன் வெறுங்கண்ணால் பிரித்தறிவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்குக் கருவி வேண்டும், பரிசோதனை வேண்டும். அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

ஐந்தாம் மாதம் ஊசியை வயிற்றால் குத்திச் சலம் எடுத்துப் பார்ப்போம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். நோகும் என்று பயந்து, நானே பிடித்துத் தருகிறேன் என்றேன். காலமை அவள் குந்தும்போது பின்னால் போய், வெந்நீரில் அவித்த சில்வர் அகப்பையைக் கீழே நீட்டிப் பிடித்தேன். பிறகுதான் ஒன்று படித்தேன். சலப்பையில் இந்தப் புற்றுநோய் இருக்கும்போது ஊசியால் குத்தினால், ஊசி போன வழியே புற்றுநோய்க் கலங்கள் (உயிரணுக்கள்) ஒட்டி வயிற்றுச் சுவரில் புதிய கட்டி வரக்கூடும். என் பயம் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. சந்தேகம் இருக்கும் நாய்க்கு ஊசி போடாதே என்று ஒரு சுற்றறிக்கை எங்கள் மாவட்டத்து அலுவலகச் சுவர்களில் ஒட்டியிருந்தால் இது என் பயத்தை நம்பி இருந்திருக்காது.

அந்த அகப்பைச் சலத்தை நானே சுழற்றி, அடியில் தங்கும் படிவை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சிவப்பணுக்கள் நிறைய இருந்தன. இடையிடையே பெரிய கலங்கள், பெரிய கருவோடு, கொத்துக் கொத்தாகக் கிடந்தன. என் நெஞ்சு திக்கென்றது. ஆனால் அழற்சி வந்த சலப்பையின் நல்ல கலங்களும் இப்படி விகாரமாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அது புற்றுநோய்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று நிம்மதியாகப் படுக்கவும் முடியவில்லை. மட்டக்களப்பில் நான் விசாரித்த ஸ்கேன் நிலையம் எதுவும் நாயை ஏற்கவில்லை. கடைசியில் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு செங்கலடி, மகா ஓயா, மகியங்கனை என்று போய், பதினெட்டு வளைவும் ஏறி மலைநாட்டுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு அரை மணிக்கும் வானை நிறுத்தி அவளை இறக்க வேண்டியிருந்தது. பத்து நிமிட ஸ்கேனில் தெரிந்துவிட்டது. சலப்பையின் கழுத்துப் பக்கம், சிறுநீரகக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில், பூக்கோவா போல ஒரு கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் வளரும்.

அங்கிருந்த வைத்தியர்தான் என்னிடம் சொன்னார், முதல் மாதமே இதைச் சலத்தில் கண்டுபிடித்திருக்கலாம், அப்படி ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் இங்கிருந்து அனுப்ப ஒழுங்கு இல்லை என்று.

அந்தப் பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் பதிலில் அதன் பெயர்கூட இல்லை.

பிராஃப் என்று ஒரு மரபணு உண்டு. கலத்துக்கு வளரச் சொல்லிக் கட்டளை போகும் பாதையில் இருக்கும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. கட்டளை வந்தால் வேலை செய்யும், வராவிட்டால் சும்மா இருக்கும். அதன் டிஎன்ஏயில் ஒரே ஓர் எழுத்து மாறி (இப்படி மாறுவதைத்தான் விகாரம் என்கிறோம்), புரதத்தின் 595-ஆம் இடத்தில் வலீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்தால், கட்டளை இல்லாமலேயே அது ஓயாமல் வளரச் சொல்லும். இதற்குச் சமமான விகாரம் மனிதரில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருப்பது 2002-இல் தெரியவந்தது. நாய்களின் சலப்பைப் புற்றுநோயில் இதே விகாரம் நூற்றுக்கு 85 அளவில் இருப்பதை 2015-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மத்தியூ பிறீன் என்பவரின் ஆய்வுகூடம் இதில் முன்னின்றது. கட்டியிலிருந்து உதிரும் கலங்கள் சலத்தோடு வெளியே வரும், அவற்றின் டிஎன்ஏயில் அந்த எழுத்தைத் தேடினால் போதும் என்று அவர்கள் பரிசோதனையை அமைத்தார்கள். டிஎன்ஏ மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து ஒவ்வொரு துளியிலும் தனித்தனியாகப் பிசிஆர் (டிஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஓட விடும் முறை அது. நல்ல கலங்கள் ஒரு கடலளவு இருந்தாலும் அதற்குள் கிடக்கும் சில விகாரக் கலங்களைப் பிடித்துவிடும்.

ஆய்வுகூடத்தில் இருந்தவளாக என்னை ஆச்சரியப்படுத்தியது இதுதான்: சலத்தில் இரத்தம் இருந்தாலும் கிருமி இருந்தாலும் அழற்சி இருந்தாலும் இந்தப் பரிசோதனை குழம்பாது. நான் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் குழம்பிய அதே மூன்று காரணங்கள். கலத்தின் தோற்றத்தை அது பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. மயக்க மருந்து வேண்டாம், குழாய் விட வேண்டாம், ஊசி வேண்டாம். தரையில் விழ முதல் ஏந்திய 30, 40 மில்லிலீற்றர் சலம் போதும், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. நாய்க்கு அறிகுறி தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பேகூட இதில் தெரிந்த நாய்கள் உண்டு.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக்கூடாது. 100 நோயாளி நாய்களில் 15 அளவில் இந்த விகாரம் இருக்காது. அவற்றுக்கு ‘இல்லை’ என்றே முடிவு வரும், ஆனால் நோய் இருக்கும். அந்த மிச்சத்தில் பெரும்பகுதியைப் பிடிக்க, மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் சிலவற்றில் கூடுதல் குறைவு இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது பரிசோதனை ஒன்றையும் பிறகு சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இல்லை என்ற முடிவோடு அறிகுறியும் தொடர்ந்தால் ஸ்கேன் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஆம் என்று வந்தால் அதை நம்பலாம். ஆம் என்ற ஒரு சொல் முதல் மாதம் வந்திருந்தால் ஜூலி நான்கு வகை அன்டிபயோடிக் விழுங்கியிருக்க மாட்டாள். ஏழு மாதம் பிந்தித் தொடங்கிய மருந்தை முதல் மாதமே தொடங்கியிருப்போம்.

மருந்து இருக்கிறது. மனிதருக்கு மூட்டுவலிக்குக் கொடுக்கும் பைரொக்சிகாம் என்ற மாத்திரை இந்தக் கட்டியின் வளர்ச்சியை மெதுவாக்கும். அதை மட்டும் கொடுத்த நாய்கள் ஆறு மாத அளவு வாழ்ந்திருக்கின்றன, கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவை அதைவிடக் கூட. கண்டுபிடிக்கும் நேரத்தில் பெரும்பாலான நாய்களில் நோய் வேறிடத்துக்குப் பரவியிருப்பதில்லை, சாகும் நேரத்தில் ஏறத்தாழப் பாதியில் பரவியிருக்கிறது. இடையில் இருக்கும் அந்தக் காலம்தான் கையில் இருப்பது. ஜூலிக்கு அதில் நான்கு மாதம் கிடைத்தது. மாத்திரையைச் சோற்றுக்குள் மீன் துண்டில் ஒளித்துக் கொடுத்தேன். இரத்தம் நின்றது, இரவில் நித்திரை கொண்டாள், வாவிக் கரைவரை நடந்தாள். பிறகு ஒரு நாள் சலம் முழுதாக அடைத்துவிட்டது. அவளை வேதனையில்லாமல் அனுப்பும்படி நானே கேட்டேன்.

சரி, முன்னுரிமை விஷயத்துக்கு வருகிறேன்.

விசர்நாய்த் தடுப்பூசி முதன்மை என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. இந்த நாட்டில் விசர்நாய்க் கட்டுப்பாட்டுக்கு 1893-இலேயே சட்டம் வந்தது, அதற்குக் காரணம் இருந்தது. 2022 டிசம்பரில் கடுங்குளிர் அடித்து வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தபோது, உங்கள் உத்தியோகத்தர்கள் படுவான்கரைச் சேற்றில் நின்று வேலை செய்ததை அறிவேன். மாடு செத்தால் ஒரு குடும்பத்தின் சோறு போகும். நாய் செத்தால் அப்படி இல்லை. இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நான் கேட்பது மாட்டின் பங்கை எடுத்து நாய்க்குக் கொடுக்கும் விஷயமா? பிசிஆர் இயந்திரத்துக்கு மாடு, நாய் என்று வித்தியாசம் கிடையாது. மாடுகளுக்கு வந்த தோல்கட்டி நோயை உறுதி செய்யவும் பிசிஆர்தான், எலிக்காய்ச்சலுக்கும் பிசிஆர் உண்டு, இதற்கும் பிசிஆர்தான். எதைத் தேடுவது என்று காட்ட உள்ளே போடும் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டு மட்டுமே வேறு. கொரோனாவுக்குப் பிறகு அந்த இயந்திரம் இந்த நாட்டில் அபூர்வப் பொருளும் அல்ல. நுண்துளி முறைக்குச் சிறப்பு இயந்திரம் வேண்டும், உண்மை. சாதாரணப் பிசிஆரிலேயே இந்த விகாரத்தைத் தேடும் முறைகளும் இருக்கின்றன. நுட்பம் குறைவுதான், என்றாலும் இரத்தம் போகும் அளவுக்குக் கட்டி வளர்ந்த நாயின் சலத்தில் விகாரக் கலங்கள் போதிய அளவு இருக்கும். நாட்டில் கால்நடை மருத்துவப் பீடம் இருப்பது பேராதனையில் ஒன்றே ஒன்று. அங்கே அறிவும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசி, கிழக்கிலிருந்து மாதிரி போகும் ஒழுங்கை உண்டாக்க ஒரு மாகாணத்துக்கு எவ்வளவு செலவு ஆகும்? நான்கு முறை கண்ணை மூடிக்கொண்டு எழுதிய அன்டிபயோடிக்கின் விலையையும், அதனால் ஊருக்குள் உருவாகும் அடங்காத கிருமியையும் யாராவது கணக்கில் சேர்த்தார்களா?

நாயின் சலப்பை மனிதருக்குச் சாட்சி சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. 1895-இல் ஜெர்மனியில் லுட்விக் றேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சலப்பைக் கட்டி வருவதைக் கண்டு எழுதினார். எந்த இரசாயனம் என்று நிரூபிக்க நாற்பது வருடத்துக்கு மேல் சென்றது. 1938-இல் வில்ஹெல்ம் ஹியூப்பர் சாயத் தொழிலில் பயன்பட்ட நாப்தைலமீனை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சலப்பையிலும் அதே நோய் வருவதைக் காட்டினார். எத்தனையோ தொழிலாளரின் உயிருக்காக நாய்கள் செத்திருக்கின்றன.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கு இன்னும் கிட்டியது. 2004-இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தினர், சலப்பைப் புற்றுநோய் வந்த 83 ஸ்கொட்டிஷ் டெரியர் நாய்களையும் வேறு நோய் வந்த அதே இனத்து 83 நாய்களையும் ஒப்பிட்டார்கள். களைநாசினி அடித்த புல்வெளியில் நடமாடிய நாய்களுக்கு ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அந்த இனம் ஏற்கெனவே இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் இனம். பீகிளும் அந்த வரிசையில் வருவது. ஆகவே அந்தக் கணக்கை அப்படியே தூக்கி எங்கள் ஊர் நாய்களுக்குப் பொருத்த நான் சொல்லவில்லை. ஆனால் சம்மாந்துறையிலும் வவுணதீவிலும் மருந்தடித்த வரம்பில் நாயும் நடக்கிறது, பிள்ளையும் நடக்கிறது. நாய்க்கு ஆயுள் குறைவு, நோய் முந்தித் தெரியும். எங்கள் மாவட்டங்களில் எத்தனை நாய்க்குச் சலப்பைக் கட்டி வருகிறது, எந்த ஊரில் கூட வருகிறது என்று ஒரு பதிவுகூட இல்லாமல் இருப்பது நாய்க்கு மட்டும் செய்யும் அநியாயமா? யோசித்துப் பாருங்கள்.

கருத்தடை செய்த நாய்களில் இந்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. தெருநாய்க் கருத்தடையை நிறுத்துங்கள் என்று இதிலிருந்து யாரும் புறப்பட வேண்டாம், அது வேண்டிய வேலை. செய்யும் வேலையின் பின்விளைவையும் பார்க்கும் கண் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் கோரிக்கைகள். முதலாவது, இந்த வருடத்துக்குள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒவ்வோர் அலுவலகத்தைக் குறித்து, நாயின் சல மாதிரியை ஏற்று, பாதுகாப்புத் திரவம் சேர்த்துப் பொதி செய்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் ஒழுங்கைத் தொடங்குங்கள். செலவை நாய்க்காரர் தரட்டும், முடியாதவருக்கு மட்டும் உதவுங்கள். உள்நாட்டில் பரிசோதனை தொடங்கும்வரை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கான அனுமதிப் படிவங்களையும் அதே அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் படிவத்துக்காக ஓர் ஆள் கொழும்புக்கும் கண்டிக்கும் அலையக்கூடாது.

பேராதனைக் கால்நடை மருத்துவப் பீடத்துக்கு எழுத்தில் கேளுங்கள், இந்த விகாரத்தைத் தேடும் பிசிஆரை இங்கேயே தொடங்க என்ன வேண்டும் என்று. அவர்கள் தரும் பதிலை வெளியிடுங்கள்.

சலத்தில் இரத்தம் போகும் ஆறு வயது தாண்டிய நாய்க்கு, இரண்டாம் முறை அன்டிபயோடிக் எழுதுவதற்கு முன்பு கல்ச்சரும் ஸ்கேனும் கட்டாயம் என்று உங்கள் வைத்தியர்களுக்கு அறிவுறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் வயிற்றில் ஊசி குத்த வேண்டாம் என்றும் அதில் எழுதுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் விலங்குகளுக்கென்று ஒரு ஸ்கேன் இயந்திரம் வேண்டும். அது சினைப்பசுவுக்கும் பயன்படும், ஆகவே முன்னுரிமை இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கண்டுபிடிக்கும் ஒவ்வொரு புற்றுநோயையும் நாயின் வயது, இனம், ஊர், வீட்டைச் சுற்றி அடிக்கும் மருந்து என்ற விபரங்களோடு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். கொப்பி வாங்கப் பணமில்லை என்றால் நான் வாங்கித் தருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் வந்து சம்பளமில்லாமல் படிவு பார்த்துத் தரவும் தயார்.

கடைசியாக ஒன்று. ஜூலி போவதற்கு இரண்டு நாள் முன்பு பிடித்த சலத்தின் படிவு, இரண்டு குழாய்களில், பெயரும் திகதியும் எழுதி, என் வீட்டுப் பிரீசரில் இருக்கிறது. புதிதாக ஒரு பரிசோதனையைத் தொடங்குகிறவர்களுக்கு, நோய் உறுதியான மாதிரி ஒன்று கையில் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வைத்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து,
ஓய்வு பெற்ற ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருவர்